மலைக்குள் புகுந்து மேற்குக் கடலுக்குப் போன என் மனைவி

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். மருமகள் கோமதி அதைப் படம் பிடித்து இந்தப் பக்கத்தில் போட்டு, கீழே தட்டச்சும் செய்கிறாள். படத்தில் எழுத்துகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும். நான் பிறந்து வளர்ந்த தேயிலைக் காடும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. பென்சில் பிடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. இந்த ஒரு பத்தியை எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனால் என்ன சுகம் தெரியுமா!

கேமரன் மலையிலிருந்து பாகான் டத்தோ கடற்கரை வரை, தண்ணீர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி யார் நினைப்பார்கள் என்று கோமதி கேட்டாள். நான் நினைத்தேனே.

இந்த ஆடி அமாவாசைக்குப் போனோம். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பதினான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவி அஞ்சலை பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி மலைக்கு வந்த நாள் முதல் அவளுக்குக் குளிரோடு சண்டை. "ஒரு வாட்டி கடல் காத்து வாங்கிட்டு வருவோம்" என்பாள். நான் "தீபாவளி போகட்டும்" என்பேன். அப்படி முப்பத்தைந்து தீபாவளி போனது. கடலுக்குப் போனது இரண்டே தடவை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "உசுரோட கூட்டிட்டுப் போகல. சாம்பலையாச்சும் பாகான் டத்தோ கடல்ல கரைச்சிருங்க." சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

அவள் தம்பி முனியாண்டி அப்போது பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த லோரியில்தான் சாம்பல் கலயத்தோடு புறப்பட்டோம். ரிங்லெட் ஏரிக்கரையில் கிளட்ச் உடைந்து வண்டி நின்றது. நேரம் பார்த்துக் கொடுத்தவர் குறித்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. எந்தத் தண்ணீரும் கடலுக்குத்தானே போகும் என்று ஏரியிலேயே கரைத்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ஒரு வரைபடத்தை விரித்து விரலால் கோடு போட்டுக் காட்டினார். இந்த ஏரி பெர்த்தாம் ஆறு. பெர்த்தாம் ஜெலாயில் சேரும், ஜெலாய் பகாங் ஆற்றில் சேரும், பகாங் ஆறு பெக்கானில் கிழக்குக் கடலில் விழும். பாகான் டத்தோ மேற்கில் இருக்கிறது. அஞ்சலை கேட்ட கடல் ஒன்று, நான் அனுப்பியது அதற்கு நேர் எதிர்க் கடல். படித்தவர் வரைபடத்தைக் காட்டும்போது கைநாட்டுக்காரன் என்ன பேச முடியும்?

அன்றிலிருந்து வருடா வருடம் ஆடி அமாவாசைக்குப் பெக்கான். ஒரு வழிக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அஞ்சலை, மன்னிச்சிரு. எல்லாம் ஒன் தம்பி லோரியால வந்தது." முனியாண்டி பின்னால் தலை குனிந்து நிற்பான். பிறகு சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிப்போவான். அவன் செய்த பாவத்துக்கு அவன் கார், அவன் பெட்ரோல், என் திட்டு. இப்படிப் பதினான்கு வருடம்.

இந்த வருடம் அமாவாசைக்கு இரண்டு வாரம் முன்பு ரிங்லெட் ஏரி ஓரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய பலகை. முன்பும் நூறு தடவை பார்த்திருப்பேன், மழைக்கு ஒதுங்க. இப்போதுதான் எழுத்து தெரியுமே. கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுத்து முடித்து, மலாய் எழுதும் எழுத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மலாய் என் வாயில் அறுபது வருடமாக இருக்கிறது. கண்ணுக்குத்தான் புதிது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். தெ... ரோ... வோங். தெரோவோங்! சுரங்கம்! அந்தப் பலகையைப் படித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு பஸ் போய்விட்டது. உங்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.

பலகையில் ஒரு படம் இருந்தது. ஏரியிலிருந்து ஒரு நீலக் கோடு மலையைத் துளைத்துக்கொண்டு போனது. அம்புக்குறி மேற்கே காட்டியது.

வீட்டுக்குப் போனதும் முனியாண்டிக்குப் போன் போட்டேன். ஏரித் தண்ணீர் மலைக்குள் புகுந்து மேற்கே போகிறது என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்படின்னா மாமா, என் கிளட்ச் சரியான எடத்துலதான் ஒடஞ்சிருக்கு?"

"பலகையில போட்ட அம்புக்குறிய நம்பி ஒன்ன விட்டுற முடியாது" என்றேன். "தண்ணி கூடவே போய்ப் பாப்போம். கடல் வரைக்கும்."

அமாவாசை காலை 6.10க்கு எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து புறப்பட்டோம். முனியாண்டியின் சின்னக் கார். அவனுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது, லோரியை விட்டு நாலு வருடமாகிறது. இருந்தாலும் காரில் ஏறி உட்கார்ந்ததும் லோரி ஓட்டுகிற நினைப்பில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பான். ஒன்பது கிலோமீட்டர், ஏரியின் அணைக்கரை. 6.35க்கு, இன்னும் விடியாத இருட்டில், பலகையின் முன்னால் அவனை நிறுத்தி, டார்ச் அடித்து விரல் வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை இருபத்தைந்து நிமிடம்தான்.

"நான் படிச்சிக்குவேன் மாமா, ஆறாப்பு வரைக்கும் போயிருக்கேன்" என்றான்.

"நீ படிச்சிருந்தா பதினாலு வருசம் முந்தியே சொல்லியிருக்கலாம்ல."

அவன் காரில் ஏறி ஹாரன் அடித்தான்.

ரிங்லெட் டவுனில் காதர் பாய் கடையில் பசியாறினோம். ரோத்தி சானாய் நான்கு, தே தாரேக் டீ இரண்டு, மொத்தம் பதின்மூன்று வெள்ளி. அங்கே சுப்பையா என்பவர் தினமும் காலையில் உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். ஏரியிலிருந்து தண்ணீர் சுரங்கத்துக்குள் நுழையும் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் வந்து அடையும் குப்பையை அள்ளும் வேலையை முப்பது வருடம் பார்த்தவர். அவர் அப்பா அந்தச் சுரங்கம் தோண்டியபோது மண் தள்ளியவராம்.

"சுதந்திரம் கெடச்ச காலத்த ஒட்டி ஆரம்பிச்சாங்கண்ணே" என்றார். "மலையக் கொடஞ்சி, பாறைய வெடி வச்சி, அறுபதுகள்ல முடிச்சாங்க. நம்மாளு, சீனன், மலாய்க்காரங்க, வெள்ளக்காரனுங்க, எல்லாரும் உள்ள. வெளிய வந்தா யாரு யாருன்னு தெரியாதாம். அத்தன பேரும் சேறு."

ஏரிக்கு வரும் தண்ணீரே பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர் என்றார். வடக்கே தெலோம் ஆற்றுத் தண்ணீரை ஒரு சுரங்கம் மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து பெர்த்தாமில் சேர்க்கிறது. அது ஏரியில் நிற்கும். ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், மலைமுதுகுக்கு அடியில் மேற்கே. பிறகு குழாயில் இறக்கம். கீழே ஜோர் என்ற இடத்தில், மலை வயிற்றுக்குள் குடைந்த ஒரு மண்டபத்தில் சக்கரங்கள் சுற்றுகின்றன.

"எவ்வளவு இறக்கம்?" என்றேன்.

சுப்பையா அடுப்பங்கரைப் பக்கம் கைகாட்டினார். காதர் பாய் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தே ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பாய் இவ்வளவு ஒசரத்துலருந்து ஊத்துறாரு, நொர வருது. அர கிலோமீட்டருக்கு மேல ஒசரத்துலருந்து ஊத்துனா கரண்டு வருது. அவ்வளவுதாண்ணே இஞ்சினியரிங்."

"அப்ப அர கிலோமீட்டர் ஒசர நாற்காலி வாங்கிக் குடுங்க, கடைக்குக் கரண்டு பில் மிச்சம்" என்றார் காதர் பாய், தேயை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

முனியாண்டி என் பக்கம் சாய்ந்தான். "மாமா, அக்காவச் சக்கரத்துல போட்டுச் சுத்தியிருக்காங்க."

ஈப்போவில் ஒரு பெரிய கடையில் நகரும் படிக்கட்டைப் பார்த்துப் பயந்து நான்கு மாடியும் நடந்தே ஏறியவள் அஞ்சலை. ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உயிரோடு இருந்தவரை "லைட்ட அணைங்க, லைட்ட அணைங்க" என்று என்னை விரட்டியவளும் அவள்தான். கடைசியில் அவளே ஒரு நிமிடமாவது யார் வீட்டிலோ விளக்காக எரிந்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரன் அதை அணைக்காமல் தூங்கியிருப்பான் என்பது நிச்சயம்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது சுப்பையா கையைப் பிடித்தார். "ஒண்ணு கேக்கணும்ணே. அன்னிக்கு மதகு தெறந்திருந்துச்சா?"

"எந்த மதகு?"

"பெரிய மழ பேஞ்சி ஏரி நெறஞ்சா மதகத் தெறந்து மிச்சத் தண்ணிய பழைய ஆத்துலயே விடுவாங்க. அந்தத் தண்ணி சொரங்கத்துக்குள்ள போகாது. கெழக்கதான் போவும், பெக்கானுக்கு. அன்னிக்குத் தெறந்திருந்தா..."

முனியாண்டி கையிலிருந்த ரோத்தி குழம்பில் விழுந்தது.

"தெறக்கறதுக்கு முந்தி சைரன் ஊதும். கேட்டுச்சா?" என்றார் சுப்பையா.

எனக்கு நினைவில்லை. அன்றைக்கு என் காதில் என்ன விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? முனியாண்டி லோரிக்கு அடியில் படுத்துக் கிளட்சைத் திட்டிக்கொண்டிருந்தான். சைரனுக்கு மேல் அவன் கத்தல். பதினான்கு வருடக் கதை ஒரு சைரன் ஊதியதா இல்லையா என்பதில் வந்து தொங்கியது.

"சரி, தண்ணி எங்க நின்னுச்சி? கர வரைக்கும் இருந்துச்சா?" என்றார் சுப்பையா.

"கர எங்க இருந்துச்சி" என்றான் முனியாண்டி. "தண்ணியத் தொடவே சேத்துல அவ்வளவு தூரம் நடக்கணும்லா. மொழங்கால் வரைக்கும் சேறு. என் புது ஸ்லிப்பர் ஒண்ணு அதுலதான் போச்சு. அன்னிக்குக் காலையிலதான் வாங்குனது. ஒத்தச் செருப்போட வீட்டுக்குப் போனேன், எல்லாரும் சிரிச்சாங்க."

சுப்பையா மேசையைத் தட்டினார். "சேறு வெளிய தெரிஞ்சிச்சின்னா ஏரி வத்திக் கெடக்குதுன்னு அர்த்தம். வத்துன ஏரிக்கு மதக எந்தப் பைத்தியக்காரன் தெறப்பான்? அக்கா மேக்கதாண்ணே போயிருக்காங்க. சாம்பல் கம்பித் தடுப்புல நிக்காது. கலயம் நிக்கும், செருப்பு நிக்கும். நான் அள்ளுன செருப்புக்குக் கணக்கே இல்ல. ஒண்ணுக்குக்கூட ஜோடி கெடச்சதில்ல."

அந்த ஸ்லிப்பர் கதையைப் பதினான்கு வருடமாகக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. அன்றைக்குத்தான் இனித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

7.50க்கு ரிங்லெட்டை விட்டு இறங்கினோம். தாப்பாவுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல, அத்தனையும் வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள், முனியாண்டி போல ஓட்டுகிறவரிடம் ஏறாதீர்கள். ஜோர் மின்நிலையத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். வீணாகப் போய்க் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம். காவலர் மரியாதையாக, என்ன விஷயம் என்றார். மனைவி இந்த வழியாகப் போனாளா என்று பார்க்க வந்தேன் என்று மலாயில் சொன்னேன். எப்போது போனார் என்றார். பதினான்கு வருடம் ஆகிறது என்றேன். அவர் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி வண்டியைத் திருப்பினான்.

ஜோரோடு தண்ணீரின் வேலை முடிவதில்லை. அங்கே ஒரு குளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுரங்கம், மறுபடி சக்கரம். அப்புறம்தான் பாத்தாங் பாடாங் ஆறாக வெளியே நடக்கிறது. லத்தா இஸ்கந்தர் அருவியில் பத்து நிமிடம் நின்றோம். பெத்தாய்க் காய் ஒரு கட்டு ஐந்து வெள்ளிக்கு வாங்கினோம். அது கார் முழுக்க நாறியது, வாங்கினால் பின்னால் போட்டுவிடுங்கள். தாப்பாவில் 9.10க்குப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன். சாதாரண ஆறு. பார்க்கிற யாருக்கும் அது மலைக்குள் புகுந்து வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும் என்பதே பெருமையாக இருந்தது.

தாப்பாவிலிருந்து தெலுக் இந்தான் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். 10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க எல்லாரும் நிற்பார்கள், நாங்கள் நேராக ஆற்றங்கரைக்குப் போனோம். நம் தண்ணீர் அதற்குள் பீடோர் ஆற்றில் சேர்ந்து, பேராக் ஆற்றில் கலந்திருக்கும். பெரிய ஆறு. கரையில் நின்று பார்த்தேன். ஒரு தென்னை மட்டை மிதந்து வந்தது. கடலிருக்கும் திசையிலிருந்து மலையிருக்கும் திசைக்கு.

"மாமா" என்றான் முனியாண்டி. "ஆறு மேல போவுது."

பார்த்தேன். உண்மைதான். ஆறு முழுக்கத் திரும்பி நடந்துகொண்டிருந்தது.

"அக்கா திரும்பி வர்றாங்க" என்றான்.

பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். இந்த ஆறு எந்தப் பக்கம்மா ஓடும் என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஓடும்ங்கய்யா" என்றார் அவர், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "கடல் ஏறுது. ஆறு மணி நேரம் இப்படி, ஆறு மணி நேரம் அப்படி. அமாவாசைக்குக் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. எறங்கறப்போ எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும். ஒங்களுது எதும் விழுந்திருச்சா?"

"பதினாலு வருசத்துக்கு முன்னால" என்றான் முனியாண்டி.

"அப்ப போய்ச் சேந்திருக்கும்லா" என்றார். மனம் நிறைந்து எட்டு வடை வாங்கினேன். நான்கு வெள்ளி. நல்ல வடை.

பாகான் டத்தோவுக்கு இன்னும் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை, போகப் போகத் தென்னை. 11.40க்குக் கரையில் நின்றோம். பெக்கான் கடல் போல நீலமாக, மணலாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பழுப்புக் கடல், சேற்றுக் கடல். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது, கல் கட்டுக்குக் கீழே சேறு மினுமினுத்தது. முனியாண்டி இரண்டு ஸ்லிப்பரையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் இறங்கினான்.

எள்ளையும் தண்ணீரையும் கையில் எடுத்தேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறு சொன்னேன்.

"அஞ்சலை, நீ சொன்ன எடத்துக்கே வந்துட்ட. நாந்தான் பதினாலு வருசமா வேற வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

கடல் காற்று நன்றாக அடித்தது. அவள் சொன்ன மாதிரிதான் இருந்தது, வெதுவெதுப்பாக, கொஞ்சம் உப்பாக. முப்பத்தைந்து தீபாவளி தள்ளிப்போட்ட காற்று. நான் கூட்டிவராததால் அவளே மலையைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் நினைத்ததைச் செய்யாமல் விட்டதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"முடிச்சிட்டீங்களா மாமா?" என்றான் முனியாண்டி.

"முடிச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையா? பதினாலு அமாவாச பின்னால நின்னு கேட்டவன் நான்."

"மன்னிச்சிரு மாப்ள" என்றேன்.

ஸ்லிப்பரை அடுத்த அக்குளுக்கு மாற்றிக்கொண்டான். "திட்டுனது ஊரறிய திட்டுனீங்க. மன்னிப்பு மட்டும் சேத்துல நின்னு காதுல சொல்றீங்க. இப்பதான் எழுதத் தெரியும்ல? எழுதிக் குடுங்க. எல்லாரும் படிக்கற எடத்துல."

மதியம் அங்கேயே சுட்ட மீன் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு வெள்ளி. பெக்கான் மீன்தான் ருசி என்றான் முனியாண்டி. ஆனால் இனி அந்தப் பக்கம் போக எங்களுக்குக் காரணம் இல்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு விடிந்ததும் ஏரிக்கரையில் இருங்கள், பிறகு பனி இறங்கினால் ஒன்றும் தெரியாது. ஏரிச் சேற்றில் இறங்காதீர்கள், சைரன் கேட்டால் கரையை விட்டு மேலே ஏறிவிடுங்கள். காரில் போனால் ரிங்லெட்டிலிருந்து நின்று நின்று நான்கு மணி நேரம் வையுங்கள். பஸ் என்றால் தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் மாற வேண்டும், நேரத்தை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தெலுக் இந்தானில் ஆறு திரும்பி ஓடினால் பயப்படாதீர்கள், வடை சாப்பிட்டுக் காத்திருங்கள். வழியில் பலகை எதைப் பார்த்தாலும் நின்று படியுங்கள். வரைபடத்தில் ஆறு மட்டும்தான் இருக்கும், மலைக்குள் போகிற வழி பலகையில்தான் இருக்கும்.

இனி முனியாண்டி கேட்டது. இதை மட்டும் பேனாவால் எழுதுகிறேன்.

என் மைத்துனன் முனியாண்டியின் லோரி கிளட்ச் உடைந்தது சரியான இடத்தில், சரியான நாளில்தான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் ஸ்லிப்பர் போனதற்கும் நான் நன்றி சொல்கிறேன்.

நேற்று இதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நல்லா இருக்கு என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய மற்ற விஷயங்களாம், வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். முதலில் இருப்பது எங்கள் கல்யாணத்தன்று விருந்தாகிப்போன, அவன் வளர்த்த ஆட்டுக்கடாவைப் பற்றியது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு மன்னிப்புக்கு மேல் என் கை தாங்காது.